காசிப் பயணமும் கவுன்ட்டரில் சொல்லாத விதிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசி, கயா, பிரயாகை யாத்திரைக்கு அழைக்கும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களின் விளம்பரங்கள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. அண்மையில் கண்ணில் பட்டவற்றில் தலைக்கு இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைவாக எதுவும் இல்லை. அவர்கள் செய்யும் வேலைக்கு அவர்கள் கேட்கும் தொகை நியாயமா என்று விவாதிக்க நான் வரவில்லை. ஆனால் என்னைப் போல் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, 'காசி நமக்கில்லை' என்று நாளிதழை மடித்து வைத்துவிடுவதை என் தெருவிலேயே பார்க்கிறேன். நானும் என் மனைவியும் சென்ற பங்குனியில் ஜபல்பூர், பிரயாகை, காசி மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, சென்னையில் ரயில் ஏறியது முதல் சென்னையில் இறங்கியது வரை இருவருக்குமான மொத்தச் செலவு 10,840 ரூபாய். கணக்கு நோட்டு கையில் இருக்கிறது. இந்தச் சிக்கனத்துக்குப் பெரிய காரணம் ரயில்வேயின் ஒரு பழைய விதி. அந்த விதியைப் பெறுவதற்கு நான் பட்ட பாடுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

ஒரே பயணச்சீட்டில் இடையில் இறங்கித் தங்கிவிட்டு மீண்டும் ஏறிச் செல்லலாம் என்பதே அந்த விதி. 'பிரேக் ஜர்னி' என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். 500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணச்சீட்டு என்றால் ஒரு முறையும், 1,000 கி.மீ.யைத் தாண்டிய சீட்டு என்றால் இரண்டு முறையும் இவ்வாறு இறங்கலாம். இறங்கும் நாளையும் மீண்டும் ஏறும் நாளையும் கணக்கில் சேர்க்காமல், ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்கள் வரை தங்கலாம். முதல் நிறுத்தம் மட்டும் புறப்பட்ட ஊரிலிருந்து 500 கி.மீ. கடந்த பிறகே அமைய வேண்டும். சென்னையிலிருந்து காசிக்குப் போகிறவர் விஜயவாடாவில் இறங்கிக் கனகதுர்க்கையைத் தரிசிக்க ஆசைப்பட்டால் நடக்காது, ஏனென்றால் அது சுமார் 430 கி.மீ. தூரம்தான். வாரங்கல், நாக்பூர், ஜபல்பூர் என்றால் தாராளமாக இறங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதனால் பணம் எப்படி மிச்சமாகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறைந்துகொண்டே போகும்படி அமைக்கப்பட்டுள்ளது. சென்னையிலிருந்து ஜபல்பூருக்கு ஒன்று, அங்கிருந்து பிரயாகைக்கு ஒன்று, பிறகு காசிக்கு ஒன்று என மூன்று சீட்டுகள் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதிக விகிதத்திலிருந்தே கணக்குத் தொடங்கும். ஒரே நீண்ட சீட்டு என்றால், ரயில் மாறி ஏறுவதற்கான சிறு கட்டணங்கள் சேர்ந்தாலும் மொத்தத்தில் நமக்கே இலாபம். இரண்டாயிரம் கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்துக்கு ஸ்லீப்பர் வகுப்பில் எங்களுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை.

இனி நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், தை மாதத்தில் ஒரு நாள் காலையில் முன்பதிவு கவுன்ட்டர் திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்றேன். முன்பதிவுப் படிவத்திலேயே தொடர்பயணத்துக்கும் மறுபயணத்துக்கும் இடம் விட்டிருப்பார்கள். அதில் எல்லா விவரங்களையும் நிரப்பிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் இப்போது கிடையாது, தனித்தனியாக எடுங்கள்" என்று திருப்பித் தள்ளினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சலகக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்பதால், அந்தப் பக்கத்து எரிச்சல் எனக்குப் புரியாததல்ல. ஆனாலும் விட மனமில்லாமல், பக்கத்து அறையில் இருந்த தலைமை முன்பதிவு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் படிவத்தை ஒரு முறை படித்தார், தூரத்தைக் கணக்குப் பார்த்தார், ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அதே கவுன்ட்டரில் பத்து நிமிடத்தில் சீட்டு அச்சாகி வந்தது. விதி தெரிந்த ஒருவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் நானும் மூன்று சீட்டுகள்தான் எடுத்திருப்பேன்.

ஜபல்பூரில் இறங்கியதும் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிலையத்தில் உள்ள அதிகாரியிடம் சீட்டைக் காட்டி, அங்கே பயணத்தை நிறுத்தியதற்கான குறிப்பை எழுதி வாங்க வேண்டும். எங்கள் சீட்டின் பின்புறம் நிலையத்தின் பெயர்க் குறியீட்டையும் தேதியையும் நீல மையில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்த ரயிலில் பரிசோதகரிடம் வாதாட நேரிடும். அன்று இரவு ரயில் நிலைய ஓய்வறையில் தங்கினோம். உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. (படுக்கை உறுதியாகும் வரை உட்கார மட்டும் இடம்) நிலையில் உள்ள பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் பெரிய சந்திப்புகளில் அறையோ டார்மிட்டரியில் ஒரு கட்டிலோ இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். படுக்கை விரிப்பு வெளுத்திருக்காது, சுவரில் பல்லி இருக்கும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அறிமுகமில்லாத ஊரில் இறங்கி, "லாட்ஜ், லாட்ஜ்" என்று கையைப் பிடித்து இழுப்பவர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். மறுநாள் பகிர்வு ஆட்டோவில் பேடாகாட் போய் நர்மதையின் வெண்பளிங்குப் பாறைகளையும், புகை போல் நீர்த்திவலை எழும் துவாந்தார் அருவியையும் பார்த்தோம். காசிக்கென்று கிளம்பியவர்களுக்கு இது எதிர்பாராத பேறு. இன்றும் என் மனைவி காசியைவிட அந்த அருவியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்குச் சொல்லித் தர ஒன்றுமில்லை. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி ஒன்றரை நாள் தாங்கும், புளியோதரை இரண்டு நாள் தாங்கும், தேங்காய் சேர்ந்தது எதையும் கட்டக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் தெரிந்ததே. தெரியாதது, முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே பல நிலையங்களில் 20 ரூபாய்க்குப் பூரி, உருளைக்கிழங்குப் பொட்டலம் விற்கிறார்கள் என்பது. 2023 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் இருப்பவர்கள் வண்டி நிற்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு நாலு பெட்டி நடந்து போய் வாங்கி வரலாம்.

பிரயாகையில் எங்களுக்கு ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. சங்கமத்துக்குப் போகும் முன் மூட்டை முடிச்சுகளைப் பொருள் வைப்பறையில் போடலாம் என்று போனால், பூட்டுப் போடாத பொருளை வாங்க மாட்டோம் என்றார்கள். விதி அதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குப் பூட்டு இருந்தது, என் மனைவியின் மஞ்சள் பைக்கு ஏது பூட்டு? நடைமேடையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, மஞ்சள் பையில் இருந்த சம்புடங்களையும் வெற்றிலைப் பெட்டியையும் துணிகளுக்கு நடுவே திணித்து, இருவரும் சேர்ந்து மூடியை அழுத்திப் பூட்டினோம். போகிறவர்கள் ஒரு சங்கிலிப் பூட்டும், வாய் மூடிப் பூட்டக்கூடிய ஒரு பையும் எடுத்துச் செல்வது நல்லது. வைப்பறையில் பயணச்சீட்டையும் கேட்பார்கள், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

காசியில் தங்குவதற்குத் தமிழர்களுக்கு முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு இருக்கிறது. கோதோலியா பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும், கேதார் கட்டத்தை ஒட்டி, குமரகுருபரர் வழிவந்த குமாரசாமி மடமும் உள்ளன. பண்டிகை நாட்களில் நெரிசல் அதிகம் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும். நாங்கள் தங்கிய இடத்தில் நம் ஊர்ச் சாப்பாடே கிடைத்ததால் நான்கு நாளும் உணவு விடுதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று, வாராணசியில் ரயில் நிலையங்கள் பல. 'பனாரஸ்' என்று சீட்டில் இருந்தால் அது முன்பு மண்டுவாடீ என்று அழைக்கப்பட்ட நிலையம், 2021இல் பெயர் மாறியது. 'வாராணசி சந்திப்பு' வேறு. திரும்பும் நாளில் ஆட்டோக்காரரிடம் சீட்டைக் காட்டிச் சொல்லுங்கள், வாயால் 'ஸ்டேஷன்' என்று மட்டும் சொன்னால் அவர் நினைக்கும் நிலையத்தில் விட்டுவிடுவார்.

விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது. கோயில் வழியில் உள்ள கடைகளில் 'லாக்கர் இலவசம்' என்று அழைப்பார்கள். உள்ளே போனால் பூஜைத் தட்டு வாங்க வேண்டியிருக்கும். முதல் நாள் அப்படி 250 ரூபாய் கொடுத்த பிறகு, மறுநாள் கைப்பேசியைத் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டுப் போனோம். தசாசுவமேத கட்டத்தில் மாலை கங்கை ஆரத்தியைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கக் காசு எதுவும் வேண்டியதில்லை. அரை மணி முன்னதாகப் போனால் நல்ல இடம் கிடைக்கும்.

பிரேக் ஜர்னியைத் தவிர இன்னும் இரண்டு விதிகள் நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் பயணம் செய்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியும். நான்கு முதியவர்கள் சேர்ந்து ஒரே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மேல் படுக்கை கிடைத்ததென்று புலம்புவதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவது, சுற்றுப்பயணச் சீட்டு. புறப்பட்ட நிலையத்துக்கே வேறு வழியாகத் திரும்பி வரும்படி, இடையில் எட்டு இடங்கள் வரை நின்று செல்லும் பயணத்துக்கு ஒரே சீட்டாகத் தருவார்கள். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பகுத்துக் கட்டணம் போடுவதால் இதுவும் தனித்தனிச் சீட்டுகளைவிட மலிவு. காசி, கயா, அயோத்தி, ஹரித்வார் என்று ஒரே வீச்சில் போக நினைப்பவர்களுக்கு ஏற்றது. பயணத் திட்டத்தை எழுதிக்கொண்டு கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவையோ பெரிய நிலையத்தையோ முன்னதாகவே அணுக வேண்டும்.

முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும், 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பத் தர வேண்டும் என்று பலரும் எழுதிவிட்டார்கள், நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கு நிதி வேண்டும், முடிவு தில்லியில் எடுக்கப்பட வேண்டும் என்பார்கள். நான் கேட்பதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் வண்ணமும் போதும். தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு முன்பதிவு மையத்திலும், மேலே சொன்ன நான்கைந்து விதிகளைத் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கக்கூடிய எழுத்தில் எழுதி, வரிசையில் நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்ட வேண்டும். எங்கள் ஊர் மையத்தில் இப்போது அந்த இடத்தில் மாட்டியிருப்பது ஒரு தனியார் நகைக்கடை விளம்பரம். தென்னக ரயில்வேயின் அதிகாரிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு ஆசிரியர் தம்பதி அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். நாக்பூரில் ஒரு நிறுத்தம் என்று நானே படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை அவர்களுடன் நானும் வரிசையில் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
மயிலாடுதுறை.