கண்டுபிடிப்புகளுக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழ்ந்தெடுத்த இரும்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதன் காலம் கி.மு. 3345 என்ற எண்ணை அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த எண் எதை அளந்து வந்தது என்று உள்ளே தேடினேன். ஒரு வரிகூட இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையில் அது அட்டவணையாகவே இருக்கிறது. எந்தக் குழி, எத்தனையாவது தாழி (இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை), சோதனைக்கு அனுப்பியது கரித்துண்டா பானை ஓடா, சோதித்தது லக்னோவா அகமதாபாத்தா அமெரிக்காவா, எல்லாம் உண்டு. அந்தக் காலம் கரிக்குக் கிடைத்த காலம். இரும்போடு ஒரே தாழியில் கிடந்த கரி என்பதால் இரும்புக்கும் அதைச் சொல்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்களும் இந்த இடத்தில்தான் கேள்வி கேட்கிறார்கள். இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம்.

நான் 31 வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அரியலூர்ப் பக்கம். எங்கள் உத்தியோகத்தில் ஒரு சென்ட் நிலம் என்றாலும் அதற்குச் சர்வே எண் உண்டு, புல வரைபடம் உண்டு, அடங்கல் என்ற கிராமக் கணக்கில் இந்தப் பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டில், என்ன பயிர் என்று எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தியில் எல்லாக் கணக்கையும் தூக்கிக்கொண்டு போய் மேலதிகாரி முன்னால் பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பத்திரிகைகள் புதைபடிவங்களையும் தொல்பொருட்களையும் பற்றி எழுதும்போது கிடைத்த அன்றைய கூத்தோடு விட்டுவிடுகிறீர்கள். அப்புறம் அது எங்கே போனது, யார் பார்த்தார்கள், என்ன முடிவு வந்தது என்ற கணக்கை யாரும் பிரிப்பதில்லை.

எங்கள் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒருகாலத்தில் இதெல்லாம் கடல். ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்று எங்கே கிணறு வெட்டினாலும் சுருண்ட நத்தை மாதிரி கல் கிளம்பும். அழிந்துபோன ஒரு கடல் உயிரினத்தின் கல்லான ஓடு; அம்மோனைட் என்கிறார்கள். வடக்கே கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே வகைதான்; எங்கள் ஊரில் அதற்குப் பூஜை கிடையாது, சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்து லாரியில் ஏற்றிச் சிமெண்டாக்கி விடுகிறோம். சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது, வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு. நல்லவேளையாக அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கல்லமேடு என்ற ஊரின் பெயரை உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. 1970களின் கடைசியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் அங்கே சில எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு, அப்புறம் ஒரு கால் எலும்பு. முழங்காலுக்குக் கீழே உள்ள அந்த ஒற்றை எலும்பு மட்டும் 2 மீட்டர். என்னை நிறுத்தி வைத்தால் எனக்கும் மேலே அரை முழம் நிற்கும். உலகிலேயே பெரிய டைனோசர்களில் ஒன்று என்று சொல்லப்படும் அர்ஜென்டினோசாரஸுக்கே அந்த எலும்பு 1.55 மீட்டர்தான். 1987இல் கட்டுரை வெளியிட்டு இதற்கு பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரப் பல்லி என்று அர்த்தம். முதலில் ஊன் தின்னி என்றார்கள். பிறகு 1990களில், இல்லை, இது நீண்ட கழுத்துள்ள தழை தின்னி என்று மாற்றினார்கள்.

இவ்வளவு பெரிய சமாச்சாரம் ஏன் பள்ளிப் புத்தகத்தில்கூட வரவில்லை? எலும்பு இல்லை, அதனால்தான். கல்லமேட்டு மண் களிமண் கலந்தது. மழையில் தண்ணீர் குடித்து உப்பும், வெயிலில் வெடிக்கும். அதனுள்ளே இருந்த எலும்பும் அதோடு சேர்ந்து விரிசல் விட்டு நொறுங்கிப் போயிற்று. ஆய்வுத்துறையின் அலமாரிக்கு அது முழுசாக வந்து சேரவே இல்லை. மிஞ்சியது அந்தக் கட்டுரையும் அதில் இருந்த சில கோட்டுப் படங்களும். வெளிநாட்டு அறிஞர்கள் சும்மா இருப்பார்களா? "அது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கும்" என்று எழுதிவிட்டார்கள். சாத்தனூர் பக்கத்திலேயே இருக்கும்போது அப்படிச் சந்தேகப்படுவதையும் தப்புச் சொல்ல முடியாது. சுமார் முப்பத்தைந்து வருடம் இந்த அவப்பெயரோடு கிடந்தது அந்த விலங்கு. 2022இல்தான், தோண்டிய காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்தவர்கள் எலும்புதான் என்று ஒப்புக்கொண்டார்கள். 2023இல் வந்த ஒரு கணக்கு அதன் எடையை 110 முதல் 170 டன் வரை சொல்கிறது. அதாவது நீலத்திமிங்கிலத்துக்குப் பக்கத்தில். இத்தனை இடைவெளி விட்டுச் சொல்லும் எண்ணில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எலும்பு கையில் இருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் "டைனோசர் முட்டை". 2009இல் செந்துறைப் பக்கம் கூடுகூடாக முட்டை கிடைத்தது என்று ஒரு ஆய்வுக்குழு சொல்ல, எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர் வாரியபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது, மறுபடியும் முட்டை. வாட்ஸப்பில் என் பேரனே எனக்கு அனுப்பினான். விஷயம் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, இது அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருண்டையானது, முட்டை இல்லை என்றார்கள். அந்த மறுப்பை எத்தனை பத்திரிகை போட்டது, எந்த மூலையில் போட்டது? நீங்களே உங்கள் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள்.

கணக்கு ஒழுங்காக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் அவரும் கிங் என்ற இன்னொரு புவியியலாளரும் கொற்றலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஃபூட் தான் சேகரித்த கல் ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1914இல் அது பட்டியலாகவே அச்சானது. கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என் பார்வையில் அது முதல்தரமான அடங்கல். இடம் தெளிவாக இருந்ததால் பின்னால் வந்தவர்கள் அதே அத்திரம்பாக்கத்துக்குத் திரும்பப் போக முடிந்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே அகழ்ந்தார்கள். மேலே வெயிலில் கிடக்கும் கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பட்டு ஒருவகை அலுமினியமும் பெரிலியமும் சேருமாம். மண்ணுக்குள் போனபின் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேயும். மிச்சத்தைப் பார்த்து எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாமாம். அப்படிக் கணக்கிட்டு 2011இல் அந்தக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். அதே இடத்தின் மேல் அடுக்குகளில் கிடைத்த, இன்னும் நயமாகச் செதுக்கிய 7,200க்கும் மேற்பட்ட கற்களைப் பார்த்து, அந்தப் புதிய முறை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் எழுதினார்கள். அந்தக் கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் நம்மைப் போன்றவர்களா, நமக்கு முந்திய வேறு இனமா என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது.

ஆதிச்சநல்லூர் கதையில் ஒழுங்கான கணக்கும் உண்டு, கணக்குப் பிரிக்காத அலட்சியமும் உண்டு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ எடுத்ததற்கு 1915இல் பட்டியல் அச்சானது. 2004இல் மறுபடி தோண்டி 160க்கும் மேலான தாழிகளைக் கண்டார்கள். அதன் காலம் என்ன என்பது ஊருக்குத் தெரிய 2019 ஆயிற்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்தபோதுதான் இரண்டு மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று வந்தது. ஒரு பட்டா மாறுதலை நான் 15 வருடம் கையில் வைத்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். வருடத்தில் ஒரு இதழில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஐந்து வருடம், பத்து வருடத்துக்கு முன் நீங்களே போட்ட கண்டுபிடிப்புச் செய்திகளை எடுத்து, அந்தப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது, ஆய்வறிக்கை வந்ததா, வந்திருந்தால் முதல் நாள் சொன்னது நின்றதா மாறியதா என்று விசாரித்துப் போடுங்கள். முட்டை முட்டை இல்லை என்றால் அதையும் அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை ஒரு எண்ணைக் கேட்டதும், எதை அளந்தீர்கள், அது எந்த ஆழத்தில் கிடந்தது, இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.

இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று கேட்பீர்கள். 1998இல் என் கிராமத்தில் ஒருவர் கிணறு வெட்டும்போது 22 அடியில் ஒரு சுருள் கல் வந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடம் அளவு. ஓரத்தில் துருப்பிடித்த நிறம், ஒரு பக்கம் கடப்பாறை பட்டு உடைந்திருந்தது. கிணற்றுக்காரர் அதை வீட்டு வாசல் படிக்குப் போடுவதாக இருந்தார். நான்தான் கெஞ்சி வாங்கினேன். சர்வே எண், ஆழம், தேதி எல்லாம் எழுதிச் சாக்கில் கட்டி, தலையாரியிடம் கொடுத்து பஸ்ஸில் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று சீட்டும் வந்தது. அப்புறம் எங்கள் பகுதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், மறு வருடமே சேர்த்தார்கள், 2007இல் திரும்பப் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டேன். கோப்பு அங்கே போயிருக்கும் என்று இங்கேயும், இங்கே இருக்கும் என்று அங்கேயும் சொன்னார்கள். கடைசியாகப் போனபோது இருந்த இளைஞர், "ஐயா, ஒரு கல்லுக்கா இத்தனை தடவை வர்றீங்க?" என்றார். கிணற்றுக்காரர் இறந்துவிட்டார். அவர் மகன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாசல்படி எங்கே என்று கேட்கிறான்.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் ஜமாபந்தியின் முதல் இனமாக அதையே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; நகல் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
அரியலூர் மாவட்டம்