பேராதனையில் படிக்கும் மருமகனுக்கு

அன்பின் மருமகனுக்கு,

போன போயா லீவுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னது இன்னும் மனதிலேயே கிடக்கிறது. "இந்தக் காலத்தில் யார் மாமா அடியிலிருந்து கார் செய்வார்கள்? காசு இருந்தால் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றை வாங்கிவிட வேண்டியதுதானே" என்றாய். அன்றைக்கு அவசர வேலை ஒன்று காத்திருந்ததால் எழுந்து போய்விட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

போன கிழமை ஹட்டன் கராஜுக்கு ஒரு டிமோ பட்டா, அதுதான் டாட்டாவின் ஏஸ் குட்டி லொறி, வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் நுவரெலியா லீக்ஸும் கரட்டும் சுமந்த வண்டி, ரிங் தேய்ந்துவிட்டது. எஞ்சினைக் கழற்றிப் பலகையில் வைத்தேன். இரண்டே இரண்டு பிஸ்டன். ஒன்றைத் துடைத்து அளந்தேன், 75 மில்லிமீட்டர். டாட்டாவின் பழைய இண்டிகா டீசல் காரின் பிஸ்டனும் அதே 75தான். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரமான ஸ்ட்ரோக்கும் இரண்டிலும் 79.5. இண்டிகாவின் 1405 சிசி நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கினால் பட்டாவின் 702 சிசி!

இண்டிகா 1998இல் வந்தது. கார் செய்து பழக்கமில்லாத லொறிக் கம்பனியான டாட்டா தானே முயன்று செய்தது. வாங்கியவர்கள் ஆரம்பத்தில் நிறையக் குறை சொன்னார்கள். டாட்டா உட்கார்ந்து திருத்தி, 2001இல் வீ2 என்று மறுபடி இறக்கியது. அப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் 2005இல் பட்டாவாக வந்தது. இன்றைக்கு அது ஏறாத தோட்டத்து ரோடு இருக்கிறதா, சொல்.

அதற்காக, வாங்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை. அதே டாட்டா 2008இல் 2.3 பில்லியன் டொலர் கொடுத்து அமெரிக்காவின் போர்ட் கம்பனியிடமிருந்து ஜகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கியது. 2019இல் டாட்டா இறக்கிய ஹாரியர் ஜீப்பின் அடித்தளம், அதாவது வண்டி முழுவதும் ஏறி நிற்கிற அடிக்கட்டமைப்பு, லேண்ட் ரோவரின் டீ8 என்ற அடித்தளத்திலிருந்து எடுத்தது, டீசல் எஞ்சின் பியட்டினுடையது. ஆனால் அந்த விலையுயர்ந்த அடித்தளத்தில் எதை விடலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று பார்க்கத் தெரிந்த ஆட்கள் டாட்டாவிடம் பூனேயில் இருந்தார்கள். இண்டிகாவில் அடிபடாமல் அந்தக் கண் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சீனாவின் ஜீலி இன்னும் ஒரு படி மேலே போனது. 2010இல் வொல்வோவை வாங்கியது, 2013இல் சுவீடனின் கோதென்பர்க்கிலேயே ஒரு வடிவமைப்பு நிலையம் திறந்தது. இரண்டு பக்கத்து எஞ்சினியர்மாரும் சேர்ந்து ஒரு அடித்தளம் செய்தார்கள். வொல்வோ எக்ஸ்சி40, லிங்க் அண்ட் கோ 01 இரண்டும் அதன்மேல் வந்தவைதான். நான் பெரிதாக நினைப்பது இந்த மாதிரி வாங்கலைத்தான்.

அப்புறம் கொரியாவின் சங்யோங் கம்பனியை எடு. நம் நாட்டில் மைக்ரோ பெயரில் ஓடிய கைரோன், ரெக்ஸ்டன் ஜீப்கள் அவர்களுடையவை. 2004இல் சீனாவின் சாய்க் கம்பனி கைக்குப் போனது, 2009இல் கோர்ட் பொறுப்பில் விழுந்தது. 2011இல் இந்தியாவின் மஹிந்திரா எடுத்தது, 2020 டிசம்பரில் மறுபடி கோர்ட். மஹிந்திராவுக்கு அதிலிருந்து தன் எக்ஸ்யூவி300 வண்டிக்கு அடித்தளம் கிடைத்தது உண்மை. ஆனால் ரெக்ஸ்டனுக்குத் தன் பெயரை ஒட்டி விற்ற அல்டுராஸ் நிலைக்கவில்லை. நிலைத்தது 2002இல் தானே செய்த ஸ்கோர்ப்பியோதான். அந்தப் பெயர் இன்னும் விற்கிறது.

நீ நாளைக்கு எந்தக் கம்பனியில் சேர்ந்தாலும், அங்கே வரைபடம் போடுகிற மேசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேர். வெளியிலிருந்து வருகிற வரைபடத்துக்குக் கையெழுத்து வைக்கிற மேசையில் உன்னைப் பார்க்க எனக்கு மனசில்லை, தம்பி.

பட்டாவின் பழைய பிஸ்டன் இரண்டையும் எறியாமல் உனக்காக வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு வரும்போது அளந்து பார்க்க வேர்னியரைக் கொண்டு வா.

அன்புடன்,
மாமா