சுவரின் கீழ்ப்பாதியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டின் உள்சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வண்ணம் அடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வண்ணத்தோடு எது சேரும் என்பதை நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் கீழே அடிக்கிற வண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் செங்கோட்டைக்காரன். மலைக்கு இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் பெயின்ட் வேலைக்குப் போகிறவன். விட்டுப்போனதைச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு வண்ணம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய வீடுகளில் மேலே சுண்ணாம்பு, கீழே காவி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்றால் இடுப்பு உயரத்துக்கு அழுத்தமான ஆயில் பெயின்ட், அதற்கு மேல் வெளிர் நிறம். கை படுவதும் முதுகு சாய்வதும் சைக்கிள் ஹேண்டில் உரசுவதும் தரை கழுவுகிற தண்ணீர் தெறிப்பதும் எல்லாம் கீழே. ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் திருப்பித் தருவது மேலே. ஒரே சுவர்தான் என்றாலும் இரண்டு பாதிக்கும் வேலை வேறு.

ஈரம் ஏறுவதும் அந்தக் கீழ்ப்பாதியில்தான். பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் பூச்சு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாகவும் காரை வழியாகவும் மேலே வரும். பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். வரும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். தண்ணீர் காய்ந்துபோனதும் உப்பு மட்டும் சுவரில் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பும் காவியும் அடித்திருந்த காலத்தில் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிக் காற்றோடு போனது. அதே சுவரில் பளபளவென்று எனாமல் அடித்தால் வழி அடைபட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் ஈரம் பின்னாலிருந்து தள்ள, பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து, விரல் வைத்தால், அடியில் சுவரைச் சமப்படுத்தப் பூசிய பட்டியோடு சேர்ந்து உதிரும். ஆரியங்காவில் ஒரு வீட்டில் அந்த அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். மேலே அடித்த வெளிர் மஞ்சள் அடித்தபடியே இருக்கிறது. கீழே அடித்த பச்சை முழுக்கக் கொப்புளம். "அண்ணாச்சி, ஒரே கடைப் பெயின்ட், ஒரே ஆள்தான் அடிச்சாரு. கீழ மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார்கள். கொப்புளம் ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே ஈரம் மின்னியது.

அந்த வீட்டில் வேலை நடந்தது ஓணத்துக்கு முன்னால். ஓணம் ஆவணியில் வருகிறது. அதற்குள் முடிக்க வேண்டுமென்றால் ஆடியில் அடிக்க வேண்டும். அங்கே மலையாளத்தில் அது கர்க்கடகம், கொட்டுகிற மழை. வருஷத்திலேயே சுவர் அதிகமாக நனைந்திருக்கும் மாதம். நம் பக்கத்தில் தீபாவளிக்கு அடிக்கிறோம், அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 1956 வரைக்கும் மலைக்கு அந்தப் பக்கத்தோடு சேர்ந்திருந்த ஊர் எங்களுடையது. ஆனியிலிருந்தே கணவாய் வழியாகச் சாரல் வந்து மேற்குச் சுவரை நனைத்துக்கொண்டிருக்கும். இங்கே உள்வேலைக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. பண்டிகைக்குப் புதுச் சுவர் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மேல்பாதியை மட்டும் அப்போது முடித்துக்கொள்ளுங்கள், கீழ்ப்பாதி வெயிலுக்குக் காத்திருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம். கையகலப் பிளாஸ்டிக் தாளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். சுவரைத் தொட்ட பக்கம் நீர்முத்து இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். சுவருக்குள் ஈரம் என்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவர் அடியிலேயே விழுகிறதா, முற்றத்து மண் உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்யாமல் எந்தப் பெயின்ட் அடித்தும் பயனில்லை. உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, அந்த மூன்றடிக்குக் காவி கலந்த சுண்ணாம்பே அடிக்கலாம். அழுத்தமான கீழ் வண்ணமும் கிடைக்கும், சுவரும் மூச்சு விடும்.

அடுத்தது கோடு. சுவரைச் சரிபாதியாக வெட்டினால் அறை குள்ளமாகத் தெரியும். பத்தடிச் சுவருக்கு மூன்று, மூன்றரை அடியில் கோடு வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தரையிலிருந்து டேப் பிடித்து ஒவ்வொரு மூலையிலும் அளக்காதீர்கள். பழைய வீட்டுத் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும், கோடும் கூடவே சாயும். ஒரு மூலையில் குறித்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை வைத்து மற்ற மூலைகளில் குறிக்க வேண்டும். அந்தக் குறிகளுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்துக் கோடு அடிக்கும்போது, நூலுக்கு நீலமோ காவியோ தடவி அடித்தால் வெளிர் வண்ணத்தில் ஊறி வெளியே தெரியும். வெள்ளைச் சாக்பீஸ் பொடி போதும்.

மேல் வண்ணத்தை முதலில் அடித்து, கோட்டுக்குக் கீழேயும் இரண்டு விரல் இறக்கிவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் கோட்டை ஒட்டி அதன் மேல்பக்கம் டேப் ஒட்டி, டேப்பின் கீழ் ஓரத்தில் மேல் வண்ணத்தையே மெல்லிசாக ஒரு கை ஓட்டுங்கள். டேப்புக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்ன சந்துகளை அது அடைத்துவிடும். அது காய்ந்த பிறகு கீழ் வண்ணம் அடித்து, கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக இழுத்தால் கோடு கத்தி வைத்து வெட்டியதுபோல நிற்கும். மேல் வண்ணத்தை டேப் ஓரத்தில் ஓட்டுகிற அந்த ஒரு வேலையைப் பாதிப் பேர் செய்வதில்லை. கோடு பிசிறடிப்பது அதனால்தான்.

இவ்வளவையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது பழைய ஆயில் பெயின்ட். முன்பு வந்த மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல்களில் ஈயம் கலந்த நிறப்பொடி நிறைய இருந்தது. வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதி போட்டது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் எத்தனையோ வீடுகளில் இன்றும் கீழ்ப்பாதியில் இருக்கிறது. தவழும் குழந்தை கை வைப்பது அங்கேதான். புது வண்ணம் அடிப்பதற்காக அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அறை முழுக்கத் தூசி. அந்த ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு உள்ளே போனால் பரவாயில்லை என்று அதில் ஒரு அளவே கிடையாது. தேய்க்கிற எங்களுக்கும் அது நல்லதில்லை. சுவரை நனைத்து வாட்டர் பேப்பரால், அதாவது ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாளால், தேய்க்கச் சொல்லுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரித்து, கழிவை அதோடு சுருட்டி எடுங்கள். விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். நனைத்துத் தேய்த்தால் நேரம் பிடிக்கும், கூலியும் கொஞ்சம் கூடும். அதை வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடங்களுக்கும் இது பொருந்தும். கோடை விடுமுறையில் வகுப்பறைகளுக்குப் புது பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது, பழைய கீழ்ப் பட்டையை ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், டப்பாவில் ஈய அளவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம்வரை இழுக்காமல் மே நடுவிலேயே முடித்து, அறைகளைத் துடைத்துத் திறந்துபோட வேண்டும். கல்வித் துறையும் உள்ளாட்சிகளும் இதை உத்தரவாகவே போடலாம். இதற்காக உங்கள் பத்திரிகை ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஒரு பெயின்டர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.