மதுரையின் நுகர்வுக் கணக்கில் அரசின் பங்கையும் எழுதுங்கள்

மதுரை மாவட்டப் புள்ளியியல் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025 சனவரி முதல் ஆய்வுக்கு வீடுகளைப் பொறுக்கும் மாதிரித் தேர்வில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்திருக்கிறது. இனி மதுரைக்கென்று தனி நுகர்வுக் கணக்கு போட வழி உண்டு. வீட்டுச் செலவை மட்டும் பார்த்து அதை எழுதிவிடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அந்த அலுவலகத்தின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவு 2011-12இல் 1,430 ரூபாய், 2022-23இல் 3,773 ரூபாய். பார்வைக்கு 2.6 மடங்கு. விலையேற்றத்தைக் கழித்து 2011-12 விலையில் பார்த்தால் அந்த 3,773 வெறும் 2,008 ரூபாய்தான்; உயர்வு 40 விழுக்காடு. அதே காலத்தில் உணவின் பங்கு 52.9இலிருந்து 46.4 விழுக்காடாகவும், தானியத்தின் பங்கு ஏறத்தாழ 11இலிருந்து 5 விழுக்காடாகவும் இறங்கின. நம் ஊரில் இதை 'சோறு குறைந்துவிட்டது' என்று படித்தால் தவறு. 2011 சூன் முதல் ரேசன் அரிசி இங்கே விலையில்லாமல் கிடைக்கிறது. உலை கொதிக்கத்தான் செய்கிறது. அரிசிக்குப் பணம் கொடுப்பது அரசு.

இலவசப் பொருட்களுக்கு மதிப்புப் போட்டு ஆய்விலேயே இன்னொரு அட்டவணை தருகிறார்கள். 2023-24இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவரின் மாதச் செலவை அது 5,701 ரூபாயிலிருந்து 5,872 ஆக்கியது. ஆனால் இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அதில் மதிப்பே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்து அரசு இராசாசி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவரின் வீட்டுக் கணக்கில் ஏறுவது வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். மருத்துவரின் சம்பளமும் மருந்தும் அரசின் இறுதி நுகர்வில், அதாவது மக்களுக்கான சேவைக்கு அரசே செய்யும் செலவில், போய்விடுகின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் குழந்தையின் காலைச் சாப்பாட்டுச் செலவு அம்மாவின் கணக்கைவிட்டு அரசின் கணக்குக்கு மாறியிருக்கிறது.

எனவே வீட்டுச் செலவு, இலவசப் பொருளின் மதிப்பு, ஆளுக்கு நேரே சேரும் அரசுச் சேவை என அட்டவணையில் மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றாவதற்குக் கருவூலச் சம்பளப் பட்டியலும் மருந்துக் கொள்முதலும் போதும். ஆளுக்கு நேரே சேராத காவல், பொது நிர்வாகம் வேண்டாம். மருத்துவமனைச் செலவு முழுவதையும் மதுரையின் தலையில் கட்டாதீர்கள். தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகரிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உள்நோயாளிப் பதிவேட்டின் முகவரிப்படி பிரியுங்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மூன்றாம் பத்திக்கு வரக்கூடாது. அது பணமாற்றம், செலவாகும்போது முதல் பத்தியில் தானே ஏறும். இரண்டிலும் எழுதினால் இரட்டைக் கணக்கு.

களத்தில் அதிகம் நழுவுவது வெளிச்சாப்பாடு. புரோட்டா, டீ, வடைக்கு வீட்டு ஆண்கள் கொடுத்த காசு பதில் சொல்லும் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது. சம்பாதிக்கும் ஒவ்வொருவரிடமும் ஏழு நாள் கணக்கைத் தனியே கேளுங்கள். துணிக்கு ஓராண்டுக் கணக்கு கேட்பதே சரி. முப்பது நாள் என்றால் தீபாவளித் துணி தப்பிவிடும்.

பழைய எண்களோடு ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. 2017-18 ஆய்வின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. 2022-23இல் களப்பணியாளர் ஒரு வீட்டுக்குப் போகும் ஒரே வருகை மூன்றானது, கேள்விப்பட்டியலும் நான்காகப் பிரிந்தது. 2011-12க்கும் 2022-23க்கும் இடையே நேர்கோடு இழுத்து ஆண்டுவாரி எண்களை நிரப்பாதீர்கள். அந்தக் கட்டங்கள் வெற்றாகவே இருக்கட்டும்.