மெக்லாரன் பட்டத்தை இழந்த இடம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். கண் அறுவைக்குப் பிறகு உனக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது என்றும், வீட்டிலிருந்தபடியே பழைய பார்முலா ஒன் கார் பந்தயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறாய் என்றும் எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்பதைத் தவிரப் புதுச் செய்தி ஏதுமில்லை. ஆனால், 2007ஆம் ஆண்டில் மெக்லாரன் அணி பட்டத்தை இழந்ததற்கு உளவு வழக்கே காரணம் என்று நீ அடித்துச் சொல்லியிருப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்த ஆண்டு நடந்த 17 பந்தயங்களில் ஃபெராரி 9, மெக்லாரன் 8 என்று இரண்டு அணிகளே எல்லா வெற்றிகளையும் பங்கிட்டுக்கொண்டன. ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஷூமேக்கரின் இடத்துக்கு மெக்லாரனிலிருந்தே ரைக்கோனனை ஃபெராரி அழைத்துக்கொண்டது. மெக்லாரனோ, முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியனான அலோன்சோவையும், அதுவரை ஒரு பார்முலா ஒன் பந்தயத்திலும் ஓடியிராத 22 வயது ஹாமில்டனையும் ஒரே அணியில் நிறுத்தி, இருவருக்கும் சம வாய்ப்பு என்று அறிவித்தது.

வழக்கின் கதை உனக்குத் தெரிந்ததே. ஃபெராரியின் தொழில்நுட்பப் பணியாளர் ஸ்டெப்னியிடமிருந்து மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் காக்லனுக்கு 780 பக்க ஆவணங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றை நகலெடுக்கக் கொண்டுபோன இங்கிலாந்துக் கடையின் ஊழியர் ஃபெராரிக்குத் தகவல் அனுப்பியதால் குட்டு உடைந்தது. இத்தனை பெரிய தொழில்நுட்ப ரகசியத்தை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஜூலையில் தண்டனையின்றி விட்ட, பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச வாகனக் கூட்டமைப்பு, செப்டம்பரில் மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்து, அணிகளுக்கான பட்டப் போட்டியிலிருந்தும் அதை நீக்கியது. ஆனால் ஓட்டுநர்களின் புள்ளிகளில் அது கை வைக்கவில்லை என்பதை நீ மறந்துவிட்டாய். ஓட்டுநர் பட்டம் அதன் பிறகும் மெக்லாரனின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

என் கணக்கில் அது கைநழுவத் தொடங்கிய இடம் ஹங்கேரி. யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் அலோன்சோவை முன்னே விடுமாறு அணி கேட்டபோது ஹாமில்டன் மறுத்தார். அதற்குப் பதிலடிபோல், வண்டிகளுக்கு டயர் மாற்றும் இடமான பிட்டில் வேலை முடிந்த பிறகும் அலோன்சோ நகராமல் நின்றதால், பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்றைத் தொடங்க நேரமில்லாமல் போயிற்று. நடுவர்கள் அலோன்சோவை முதலிடத்திலிருந்து ஆறாம் இடத்துக்குத் தள்ளினார்கள். பந்தயத்தில் நான்காவதாக வந்து அவர் பெற்றவை 5 புள்ளிகள். இரண்டாமிடத்துக்கு 8 புள்ளிகள் உண்டு என்பதையும், ஆண்டு முடிவில் அவர் ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சில நொடிகளுக்கு அவர் கொடுத்த விலை விளங்கும். இதற்கெல்லாம் மேலாக, ஃபெராரி தகவல்கள் அடங்கிய, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்த மின்னஞ்சல்கள் பற்றி அலோன்சோவுக்கும் அணித் தலைவர் ரான் டெனிஸுக்கும் வாக்குவாதம் மூண்டதும் மறுநாள் காலை அங்கேதான். அப்படியானால், அந்தப் பெரிய தண்டனைக்கே உள்வீட்டுச் சண்டைதான் வழி திறந்துவிட்டது என்று நான் சொல்வது மிகையாகுமா?

ஷாங்காயில் நடந்தது இன்னும் கொடுமை. இரண்டு பந்தயங்கள் மிச்சமிருக்க, ரைக்கோனனைவிட ஹாமில்டன் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். மழை ஓய்ந்து தடம் காயத் தொடங்கியும், தேய்ந்து நார் தெரிந்த டயரோடு அவரை வெளியிலேயே ஓடவிட்டார்கள். பிட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி சறுக்கிச் சரளைக் கற்களில் புதைந்தது. தங்கள் கண் ரைக்கோனன்மீது அல்ல, அலோன்சோமீதே இருந்தது என்ற பொருள்படப் பின்னர் டெனிஸே சொன்னார். எதிரணிக்காரனை விட்டுவிட்டுத் தன் வண்டியோடு தன் வண்டியே ஓடும் பந்தயத்தைக் கணக்கிட்ட அணிக்கு வேறென்ன கிடைக்கும்?

பிரேசிலில் ஹாமில்டன் 107, அலோன்சோ 103, ரைக்கோனன் 100 என்று தொடங்கினார்கள். ரைக்கோனனே வென்றாலும் ஹாமில்டனுக்கு ஐந்தாமிடமே போதுமாயிருந்தது. முதல் சுற்றிலேயே தடத்தை விட்டு விலகி, பிறகு கியர்பாக்ஸ் கோளாறினால் பதினெட்டாம் இடத்துக்குப் போய், அவர் ஏழாவதாகத்தான் வர முடிந்தது. அதே வேளையில், பட்ட வாய்ப்பை முன்பே இழந்திருந்த ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநர் மாசா, சொந்த ஊரான சாவோ பாவ்லோவில், தன் ரசிகர்கள் கண்ணெதிரே முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தவர், பிட் நிறுத்தங்களின் வழியாக ரைக்கோனனுக்கு முதலிடம் போய்ச் சேர இடம் கொடுத்தார். ரைக்கோனன் 110, மெக்லாரன் ஓட்டுநர்கள் இருவரும் தலா 109. சம வாய்ப்புக் கொள்கையை நான் குறை சொல்லவில்லை. பார்ப்பவனுக்கு அதுவே நேர்மையான பந்தயம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் பொறுமை அந்த இருவரிடமும் இல்லை. அவர்களை அடக்கி நடத்தும் வலு டெனிஸிடமும் இல்லை. ஃபெராரியின் வண்டி மெக்லாரனைவிட வெகுவாக உயர்ந்ததென்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

மறு ஆண்டு அதே தடத்தில் ஹாமில்டன் மாசாவை ஒரே புள்ளியில் வென்றதைக் காட்டி நீ பதில் எழுதுவாய் என்று தெரியும். அப்போது அலோன்சோ தன் பழைய அணியான ரெனோவுக்குத் திரும்பிப் போயிருந்தார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்