இரண்டாம் இடத்துக்கும் ஒரு கதவு வையுங்கள்: ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம்.

2019 ஜனவரியில் துபாயில் நடந்த ஓர் ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆசியக் கோப்பை, கடைசி 16 அணிகளின் சுற்று. ஜோர்டானும் வியட்நாமும் மோதின. ஆட்டம் 1-1 என்று முடிந்து, பெனால்டியில் வியட்நாம் 4-2 என்று வென்றது. அடுத்து கால் இறுதியில் ஜப்பானிடம் ஒரே ஒரு கோலில்தான் தோற்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜோர்டானும் வியட்நாமும் தகுதிச் சுற்றில் ஒரே பிரிவில் ஆடியவை. அங்கே ஜோர்டான் முதலிடம், வியட்நாம் இரண்டாமிடம். பின்னால் வந்த அணி, முன்னால் போன அணியையே கோப்பையிலிருந்து வெளியே அனுப்பியது.

2027 கோப்பைக்கு நீங்கள் வைத்திருக்கும் மூன்றாம் சுற்று விதியை, அதாவது பிரிவில் முதலிடத்துக்கு மட்டுமே இடம் என்பதை, அன்றைக்குப் பொருத்திப் பார்த்தால், வியட்நாம் துபாய்க்கு வந்தே இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோப்பையில் ஆடும் அணிகளை 2019-ல் 16-லிருந்து 24 ஆக்கினீர்கள். நல்ல காரியம். அதிலிருந்து தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டமான மூன்றாம் சுற்று ஒரே மாதிரிதான் இருக்கிறது: 24 அணிகள், 6 பிரிவுகள், பிரிவுக்கு 4 அணிகள். ஆனால் அந்தக் கட்டத்திலிருந்து கோப்பைக்குப் போகும் இடங்களை மட்டும் பாருங்கள். 2019-க்கு ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள், மொத்தம் 12. 2023 கோப்பைக்கு ஆறு முதலிடங்களும் சிறந்த ஐந்து இரண்டாமிடங்களும், மொத்தம் 11. 2027-க்கு பிரிவில் முதலிடம் பிடித்தால் மட்டும், மொத்தம் 6. வீடு அதே அளவுதான், வாசல் பாதியாகிவிட்டது.

ஏன் பாதியானது என்பது புரியாமல் இல்லை. உலகக் கோப்பை 48 அணிகளுக்கு விரிந்தது. ஆசியாவுக்கு 8 நேரடி இடங்களும், கண்டங்களுக்கு இடையிலான ஆட்டத்தில் ஒரு வாய்ப்பும் கிடைத்தன. அதற்காக உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றில் 18 அணிகள் வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். முதல் இரண்டு சுற்றுகள் உலகக் கோப்பைக்கும் ஆசியக் கோப்பைக்கும் பொது. இரண்டாம் சுற்றின் ஒன்பது பிரிவுகளிலிருந்தும் இரண்டிரண்டு பேரை எடுத்தீர்கள். அப்படியே அந்த 18 பேருக்கும் ஆசியக் கோப்பைச் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டீர்கள். 24-ல் 18 போனால் மிச்சம் 6. அந்த மிச்சம்தான் ஆசியக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றுக்கு வந்தது. அதாவது நம் கண்டத்தின் கோப்பைக்கு யார் வருவது என்பதை, இன்னொரு கோப்பையின் தேவை தீர்மானித்திருக்கிறது.

இரண்டு தகுதிச் சுற்றுகளையும் ஒன்றாக இணைத்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. அதனால் சின்ன நாடுகளுக்கு ஆட்டங்கள் கூடின. இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஃபிஃபாவின் தடை நீங்கிய கையோடு ஏமனிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. பழைய காலமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். நீங்கள் இன்னொரு வாய்ப்பு வைத்திருந்தீர்கள். 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று மூன்றாம் சுற்றுக்குள் வந்தது. மேலும் ஆறு ஆட்டங்கள் கிடைத்தன. இதை யார் செய்திருந்தாலும் பாராட்ட வேண்டும்.

"மேலே 18 இடம் இருக்கிறதே, நல்ல அணிகள் அங்கேயே தேறிவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இரண்டாம் சுற்றின் கடைசி நாளான 2024 ஜூன் 11 அன்று நடந்தவற்றில் இருக்கிறது.

அன்று பாங்காக்கில் தாய்லாந்து சிங்கப்பூரை 3-1 என்று வென்றது. அதே நாளில் சீனா தென் கொரியாவிடம் 0-1 என்று தோற்றது. ஒரே பிரிவில் இருந்த தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் 8 புள்ளிகள். கோல் வித்தியாசம் சமம். அடித்த கோல்களும் சமம், ஒன்பது ஒன்பது. நேருக்கு நேர் ஆடியதில் முன்னிலை என்பதால் சீனா உள்ளே போனது. தாய்லாந்துக்கு இன்னும் ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால் போதும். அதை விழவிடாமல் பார்த்துக்கொண்டவர் சிங்கப்பூர் கோல் காப்பாளர் ஹசன் சன்னி. ஆட்டம் முடிந்ததும் சீன ரசிகர்கள் அவருடைய சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போய் வரிசையில் நின்றார்கள். இணையம் வழியாகப் பணம் அனுப்பினார்கள். "போதும், அனுப்பாதீர்கள்" என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது! உங்கள் முழக்கமே 'ஒன் ஏசியா, ஒன் கோல்' தானே. தாய்லாந்துக்கு அந்த ஒரு கோல்தான் கிடைக்கவில்லை.

சரி, அதன் விலை என்ன? சீனாவுக்கு உலகக் கோப்பைத் தகுதியில் இன்னும் பத்து ஆட்டங்கள், கூடவே ஆசியக் கோப்பையில் இடம். அதே கணக்கோடு நின்ற தாய்லாந்துக்கு இரண்டும் இல்லை. 2025 மார்ச்சில் மறுபடி தொடங்கி, ஒரு வருடம் ஆறு ஆட்டம் ஆடி, பிரிவில் முதலாவதாக வர வேண்டும். இரண்டாவதாக வந்தால் வீட்டுக்குத்தான். இவ்வளவு செங்குத்தான பள்ளம் சமமான இரண்டு அணிகளுக்கு நடுவே இருக்கலாமா?

அதே நாள் தோஹாவில் இந்தியாவுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். லாலியன்சுவாலா சாங்தே அடித்த கோலில் இந்தியா கத்தாரை முந்தியிருந்தது. பின்பாதியில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோலாக்கியது. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. கோல் செல்லும் என்றார்கள். கடைசியில் 2-1 என்று கத்தார் வென்றது. அதே பிரிவில் இருந்த குவைத் இரண்டாமிடம் பிடித்து 2027 கோப்பைக்கும் சேர்த்தே போனது. அந்த ஆட்டத்தை இந்தியா வென்றிருந்தால் அந்த இடம் இந்தியாவுடையது. இத்தனை பெரிய பரிசைத் தீர்மானிக்கும் கடைசி நாள் ஆட்டங்களுக்காவது வீடியோ நடுவரை வைத்திருக்கலாம்.

எங்கள் அணிக்காக அழுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா ஒன்றைக்கூட வெல்லவில்லை. இரண்டு இடங்கள் இருந்திருந்தாலும் போயிருக்காது. அந்தப் பிரிவில் 2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூர் தகுதி பெற்றது. 1984-ல் போட்டியை நடத்தும் நாடாக ஆடியதைத் தவிர, ஆடி வென்று உள்ளே போவது அதற்கு இதுதான் முதல் முறை. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அதே நாள் டாக்காவில் இந்தியாவும் வங்கதேசமும் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். இரு அணிகளும் நான்கு ஆட்டங்களோடு வெளியேறிவிட்டன. வங்கதேசம் 22 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவை வென்றது. அவர்களுக்கு அது பெரிய இரவு, மறுக்கவில்லை. அட்டவணையைப் பொறுத்தவரை அந்த ஆட்டம் நடக்காமலே இருந்திருக்கலாம். இரண்டாமிடத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்திருந்தால், அன்றைக்கு இரு அணிகளுக்குமே கணக்களவிலாவது உயிர் இருந்திருக்கும். கூட்டிப் பார்த்தேன், இருந்திருக்கும்.

இரண்டாமிடத்தில் வருபவர்கள் கோப்பையில் வந்து என்ன செய்துவிடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால், வியட்நாம் மட்டும் அல்ல. 2019-க்கு இந்தியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த கிர்கிஸ்தான், முதல் கோப்பையிலேயே கடைசி 16-க்குப் போய், போட்டியை நடத்திய ஐக்கிய அரபு அமீரகத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்தது. 2023 கோப்பைக்கு இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அந்த ஐந்து இரண்டாமிடங்களில் இரண்டைப் பிடித்து வந்தவை. இரண்டுமே கடைசி 16-ல் ஆடின. முதலாவதாக வந்த இந்தியா மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது.

ஐரோப்பாவில் இதற்கு வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே நாடுகள் தட்டுகளாகப் பிரிந்து ஆடும் தொடர் நேஷன்ஸ் லீக். அதில் கீழ்த் தட்டில் ஆடிய அணிகளுக்கும் 2024 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பியக் கோப்பைக்கு, தனிப் பாதை இருந்தது. அந்தப் பாதையில் வந்த ஜார்ஜியா 2024 மார்ச்சில் கிரேக்கத்தைப் பெனால்டியில் வென்று உள்ளே நுழைந்து, ஜெர்மனியில் போர்ச்சுகலை 2-0 என்று சாய்த்தது. உங்களிடமும் ஒரு காலத்தில் சேலஞ்ச் கோப்பை என்று ஒன்று இருந்தது; அதை வென்றால் ஆசியக் கோப்பையில் இடம். 2008-ல் டெல்லியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்றுதான் இந்தியா 2011 கோப்பைக்குப் போனது. போய் 13 கோல்கள் வாங்கியதும் உண்மைதான், அதனால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று வற்புறுத்த மாட்டேன்.

நான் கேட்பது அதைவிடச் சின்ன மாற்றம். 2027-க்கு இனி எதுவும் செய்ய முடியாது. அடுத்த முறை, இரண்டாம் சுற்றில் இரண்டாவதாக வரும் ஒன்பது அணிகளில் முதல் மூன்றுக்கு மட்டும் நேரடி இடம் கொடுங்கள். மீதி ஆறும் உலகக் கோப்பைத் தகுதியில் தொடரட்டும், அதில் கை வைக்க வேண்டாம். மூன்றாம் சுற்றில் இரண்டாவதாக வரும் ஆறு அணிகளோடு அவை சொந்த மண்ணில் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஆட்டங்கள் ஆடட்டும். கோப்பை ஜனவரியில் என்றால், முந்தைய செப்டம்பரில் சர்வதேச ஆட்டங்களுக்கு ஒதுக்கும் நாட்களே இதற்குப் போதும். அணிகள் 24-தான், கூடவே சேர்வது 12 ஆட்டங்கள்.

இது சரிப்படாது என்றால், 2023 கோப்பைக்கு வைத்திருந்தபடி இரண்டாம் சுற்றிலிருந்து 13, மூன்றாம் சுற்றிலிருந்து 11 என்ற கணக்குக்கே திரும்புங்கள். அதுவும் முடியாது என்றால், மூன்றாம் சுற்றுக்கு 6 இடங்கள் போதும் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பதை அடுத்த விதிமுறைகளோடு சேர்த்து வெளியிடுங்கள். 47 உறுப்பு நாடுகளும் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தகுதிச் சுற்று ஆட்டங்களையும் விடாமல் பார்க்கும் ஒரு ரசிகன்