கடற்கரைக் குப்பையை எண்ண உதவிய எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நம் கடற்கரையில் பிளாஸ்டிக்கைக் குறைக்க எடுத்த முயற்சிகள் நிஜமாகவே பலன் தந்தனவா என்று பார்த்த மதிப்பீடு ஒருவழியாக முடிந்து, அறிக்கையும் வந்துவிட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. யார் என்ன செய்தார்கள், அவர்கள் செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விவரமாகச் சொன்னால்தான் மனசு ஆறும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. ஆனால் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும், இது உங்களைப் பற்றித்தான் என்று.

முதல் நன்றி தூய்மைப் பணியாளர்களுக்கு. வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது. விடிவதற்குள் கரையைக் கூட்டி முடிப்பதுதான் உங்கள் வேலை. விட்டுவிட்டால் மேலதிகாரிகளும் கேட்பார்கள், விடுதிக்காரர்களும் கேட்பார்கள். ஆனால் கூட்டி முடித்த மணலில் போய் எண்ணினால் குப்பையே இல்லை என்றுதான் கணக்கு வரும். கணக்கெடுக்கும் நாட்களில், நாங்கள் எண்ணத் தேர்ந்தெடுத்திருந்த நூறு மீட்டரை மட்டும் எங்களுக்காகத் தொடாமல் விட்டுவைத்தீர்கள், அதற்காக ஏச்சும் வாங்கினீர்கள். ஏன் இந்த ஒரு துண்டு மட்டும் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டவர்களுக்கு நீங்களே நின்று பொறுமையாக விளக்கம் சொன்னதைப் பார்த்தேன். அந்தப் பொறுமை இல்லையென்றால் இந்த அறிக்கையில் ஒரு எண்ணைக்கூட நம்பியிருக்க முடியாது.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தீர்கள். குப்பையைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். ஓர் அக்கா இரண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் கழுத்தைச் சுற்றிக் கொட்டலசு (கடலில் கிடப்பவற்றில் ஒட்டி வளரும் ஓடுள்ள சின்ன உயிர்) ஒட்டியிருந்தது, லேபிள் போன இடம் தெரியவில்லை, பிளாஸ்டிக்கே வெளுத்து மங்கிப்போயிருந்தது. மற்றொன்றில் லேபிள் கசங்காமல் இருந்தது, உள்ளே இரண்டு வாய் தண்ணீர்கூட மிச்சம். “இது கடல் கொண்டுவந்து போட்டது, இது நேற்று சாயங்காலம் யாரோ வைத்துவிட்டுப் போனது” என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே பதிவுத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்தோம்.

இது ஏன் முக்கியம் என்றால், கடல் கொண்டுவந்து போடும் குப்பையை விடுதியில் ஸ்ட்ராவை நிறுத்திக் குறைக்க முடியாது. தென் அட்லாண்டிக்கில் ஆள் வாழாத இனாக்சசிபிள் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே கரையொதுங்கிய பாட்டில்களின் அடியில் பொறித்திருந்த தயாரிப்பு விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். புதிதாக ஒதுங்கியவற்றில் பெரும்பாலானவை ஆசியாவில் தயாரானவை, அதுவும் அண்மையில் தயாரானவை. அத்தனை தூரம் மிதந்து வர அந்தக் காலம் போதாது என்பதால் அவை கப்பல்களிலிருந்து வீசப்பட்டவை என்று முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு பக்கம், மத்தியதரைக் கடலில் எட்டுத் தீவுகளின் கரைகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு, கோடையில் சேரும் குப்பையில் 80 சதவீதம் வரை சுற்றுலா வருபவர்களால் வருவது என்று கணக்கிட்டது. ஆக, இரண்டுமே உண்மை. எந்தக் கரையில் எது எவ்வளவு என்று பார்க்காமல் திட்டம் போட்டால் பணமும் உழைப்பும் தப்பான இடத்துக்குப் போகும். நாம் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது உங்கள் கண்ணால்தான் அக்கா.

அடுத்தது, குனிந்து எண்ணிய தன்னார்வலர்களுக்கு. குப்பை பொறுக்க வாருங்கள் என்றால் கூட்டம் வரும், படம் எடுப்பார்கள், சந்தோஷமாகப் போவார்கள், அதிலும் தப்பில்லை. பொறுக்கியதை வகை பிரித்து ஒவ்வொன்றாக எழுதுங்கள் என்றால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். நீங்கள் நழுவவில்லை. நூறு மீட்டர் நீளம், நீர்க்கோட்டிலிருந்து மணல்மேடு வரை, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எல்லாம், மூடி தனி, மூடியின் வளையம் தனி, உறை தனி, கயிறு தனி. சிகரெட் துண்டு பஞ்சு மாதிரி தெரிந்தாலும் அதன் ஃபில்டர் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் என்பதால் அதுவும் எண்ணிக்கையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் உங்களில் ஒருவர். ‘இதர பொருட்கள்’ என்ற கட்டத்தில் எதையும் தள்ளக் கூடாது என்று சண்டை போட்டவர் இன்னொருவர். அந்தச் சண்டை எவ்வளவு சரி என்று கணக்குப் போடும்போதுதான் புரிந்தது.

சும்மா புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில், தொடக்கம் முதலே பொறுக்கியதை எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த மாதிரித் தன்னார்வலர்கள் எழுதி வைத்த ஆயிரக்கணக்கான பதிவுகளை வைத்துத்தான், பிளாஸ்டிக் பைக்குத் தடையோ கட்டணமோ வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஒப்பிட்டு, 2025-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தடையோ கட்டணமோ இருந்த இடங்களில், கரையில் கிடைத்த மொத்தப் பொருட்களில் பைகளின் பங்கு 25 முதல் 47 சதவீதம் வரை குறைவாக இருந்தது. யாரோ வெயிலில் நின்று கட்டத்தில் கோடு போட்டதுதான் அங்கே ஆதாரமாக நிற்கிறது. நீங்கள் போட்ட கோடுகளுக்கும் அந்த மதிப்பு உண்டு.

அப்புறம், பக்கத்துக் கரைக்காரர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் கரையில் இன்னும் எந்தத் திட்டமும் தொடங்கவில்லை, ஆனாலும் வந்து எண்ணிக்கொள்ளுங்கள் என்று விட்டீர்கள். உங்கள் குப்பையை ஊரறியக் காட்டப்போகிறோம் என்று நினைத்து நீங்கள் கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. உங்களால்தான் ஒரு பெரிய பிசகிலிருந்து தப்பித்தோம். திட்டம் தொடங்கிய பிறகு நம் கரையில் குப்பை நன்றாகவே குறைந்திருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே மாதங்களில் உங்கள் கரையிலும் குறைந்திருந்தது. கூட்டம் குறைந்த காலம், காற்றின் திசையும் மாறியிருந்தது, அதனால் இரண்டு இடத்திலுமே இறக்கம். உங்கள் எண்ணைக் கழித்த பிறகு மிஞ்சிய வித்தியாசம்தான் நம் திட்டம் செய்த வேலை. அது சிறியது, ஆனால் நிஜமானது. முன்பும் பின்பும் மட்டும் பார்த்து, ஒப்பிட ஒரு கரை இல்லாமல் வெளியாகும் வெற்றிச் செய்திகளை இனி நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன்.

விடுதிகளின் கணக்குப் பிரிவில் இருப்பவர்களை யாரும் இந்த மாதிரி வேலையில் நினைப்பதே இல்லை. கொள்முதல் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தான். குளியலறையில் சின்ன ஷாம்பு பாட்டில்களை எடுத்துவிட்டுச் சுவரில் நிரப்பிக்கொள்ளும் டப்பா மாட்டிய விடுதிகளில் அந்தக் கொள்முதல் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது, இதைக் கரையில் எண்ணி ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பாட்டில்கள் கரைக்கு வருவதே அபூர்வம், நேராகக் குப்பைக் கிடங்குக்குப் போய்விடும். தங்கியவர் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்தீர்களே, அது இன்னும் பெரிய உதவி. அறைகள் காலியாகக் கிடந்த மாதத்தில் பிளாஸ்டிக் குறைந்தது என்று மார்தட்டாமல், ஓர் ஆள் ஓர் இரவு தங்கினால் எவ்வளவு என்று கணக்குப் போட முடிந்தது அதனால்தான். தண்ணீர் பாட்டில் மட்டும் குறையவில்லை என்பதையும் அந்தப் பதிவேடு மறைக்காமல் காட்டியது.

அதற்குக் காரணம் சொன்னவர்கள் அறைகளைச் சுத்தம் செய்யும் தோழர்கள். தண்ணீர் நிரப்பும் இயந்திரம் வரவேற்பறையின் மூலையில் இருக்கிறது, ராத்திரி தாகம் எடுத்தால் யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள், அதோடு அந்தத் தண்ணீர் நல்லதுதானா என்ற சந்தேகம் விருந்தினருக்கு இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றீர்கள். எத்தனையோ கூட்டங்களில் விழிப்புணர்வு போதவில்லை, விழிப்புணர்வு போதவில்லை என்றே பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் சொன்னதோ ஒரு குழாயை இடம் மாற்றும் விஷயம். அறிக்கையின் பரிந்துரைகளில் அதுதான் முதலில் இருக்கிறது.

கடைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் நன்றி, நீங்கள் முகத்துக்கு நேராகப் பேசினீர்கள். பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை என்று நாங்கள் சொன்னபோது, அதன் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதானே என்று உரித்துக் காட்டினீர்கள். மக்கும் பை என்று அச்சடித்து வந்த பைகளைப் பற்றியும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மக்கும் என்று விற்ற ஒரு பை மூன்று வருஷம் மண்ணிலும் கடல்நீரிலும் கிடந்த பிறகும் சாமான் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. இந்த மாதிரிப் பொருட்களைத் திட்டத்தின் வெற்றியில் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது உங்கள் வாதத்தைக் கேட்ட பிறகுதான்.

குப்பையைப் பிரித்து விற்றுப் பிழைக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. எந்தப் பிளாஸ்டிக்குக் காசு கிடைக்கும், எதை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கரைக்குப் போய்ப் பார்த்தால், மணலில் கிடந்தது அப்படியே உங்கள் பட்டியல். விலை போகும் பாட்டில்கள் எல்லாக் கரையிலும் குறைவாகக் கிடந்தன; பல அடுக்கு வைத்து ஒட்டிய உறைகள்தான் குவிந்து கிடந்தன. ஒரு பொருளுக்கு மதிப்பு வைத்தால் அது கரைக்கு வராது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும் மாநிலங்களில், கரையில் கிடக்கும் பானப் பாட்டில்களும் டின்களும் சுமார் 40 சதவீதம் குறைவு என்று 2018-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த ஏற்பாடு இங்கே வருமா என்பது அடுத்த பேச்சு. ஆனால் அது வந்தால் உங்கள் வருமானம் பறிபோகாத மாதிரி வர வேண்டும் என்றும் அறிக்கையில் எழுதியிருக்கிறோம், அதை நான் சும்மா விடப்போவதில்லை.

இனி, கொஞ்சம் கஷ்டமான நன்றி. திட்டத்தை நடத்திய குழுவுக்கு. முடிவுகள் நீங்கள் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. பை, ஸ்ட்ரா இரண்டும் நன்றாகக் குறைந்தன; உறைகளும் சிகரெட் துண்டுகளும் அசையவே இல்லை; மீன்பிடிக் கயிறும் மிதவைத் துண்டுகளும் நம் திட்டத்துக்குள்ளேயே இல்லாததால் அவையும் அப்படியேதான். ஒரு நூறு மீட்டர் கரையில் 20 பொருட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை நல்ல நிலைக்கான எல்லையாக ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலில் நாம் வெகுதூரம் பின்னால் இருக்கிறோம். எடுத்த மூட்டைகளின் எடையை மட்டும் தலைப்பில் போட்டுவிடலாமே, அது பெரிய எண்ணாக வருகிறதே என்று நிதி கொடுத்த ஓர் இடத்திலிருந்து யோசனை வந்தது. நனைந்த ஒரு கயிற்றுச் சுருள் ஆயிரம் உறைகளை விட கனம். எடையைப் பார்த்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒன்றும் தெரியாது. அதோடு, வருஷா வருஷம் மூட்டைகள் கூடிக்கொண்டே போனால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா? நீங்கள் அந்த யோசனையை ஏற்கவில்லை. குறையாதவற்றின் பட்டியலையும் முதல் பக்கத்திலேயே போடச் சொன்னீர்கள். அடுத்த நிதி கிடைக்குமா என்ற கவலை இருந்தும் அப்படிச் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

கேள்வித்தாளை நீட்டியபோது முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பதில் சொன்ன சுற்றுலாப் பயணிகளுக்கும் நன்றி. குப்பைத் தொட்டி கண்ணில் படவில்லை, பட்டது நிரம்பி வழிந்தது, அதனால் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம் என்று பலர் மறைக்காமல் சொன்னீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது ராத்திரிக் காற்றில் எங்கே போகிறது என்று தெரிந்ததும் சிலர் நிஜமாகவே வருத்தப்பட்டீர்கள். மாலையில் இன்னொரு முறை தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்ற பரிந்துரை அங்கிருந்து வந்தது. அதற்கு ஆள் போட்டால் கூலியும் சேர்த்துப் போட வேண்டும், இருக்கும் பணியாளர்கள் தலையில் கட்டக் கூடாது.

பதிவுத் தாள்கள் எல்லாம் படமெடுத்துப் பத்திரமாக இருக்கின்றன, கேட்கும் யாருக்கும் கிடைக்கும். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பு அதே இரண்டு கரைகளிலும், அதே நூறு மீட்டரில், மறுபடி எண்ணப் போகிறோம். இந்த முறை கயிறு, மிதவைத் துண்டுகளைப் பற்றி மீனவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தாளை அச்சடிப்பது என்று இருக்கிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள், கையுறை நாங்களே தருகிறோம்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தவர்